“ஒரு கஜுதானே” என்று சொல்லாதீர்கள்: பிள்ளைகளின் உணவு ஒவ்வாமை பற்றி ஒரு தாயின் அனுபவம்

கடந்த ஹஜ்ஜுப் பெருநாளன்று எனது நான்கு வயது மகனைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடினேன். காரணம் வட்டிலப்பம்.

அவனுக்குக் கஜு ஒத்துக்கொள்ளாது என்பது முன்பே தெரியும். இரண்டு வயதில் ஒரு தடவை கஜு சாப்பிட்டு முகம் வீங்கி வாந்தி எடுத்தான். இனிக் கொடுக்கவே கூடாது என்று வைத்தியர் சொல்லியிருந்தார். பெருநாளன்று சாச்சி ஆசையோடு தட்டை நீட்டியபோது, மறுத்தால் மனம் நோகுமே என்று நினைத்தேன். மேலே கிடந்த கஜுவை எல்லாம் எடுத்துவிட்டு ஊட்டினேன். பத்து நிமிடங்களுக்குள் இருமத் தொடங்கினான். குரல் அடைத்தது. உடம்பெல்லாம் தடித்தது. பிறகு துவண்டு என் தோளில் சாய்ந்துவிட்டான்.

ஒருவர் கண்ணூறு என்றார். இன்னொருவர் பிரிட்டோன் பாணி கொடுக்கச் சொன்னார். பக்கத்து வீட்டு ஓட்டோவில் ஏறினோம். வைத்தியசாலையில் தொடையில் அட்ரினலின் ஊசி போட்ட சில நிமிடங்களில் மூச்சு சீரானது. அல்ஹம்துலில்லாஹ்.

அன்று நான் அறிந்துகொண்டதை ஏனைய பெற்றோரும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒவ்வாமை என்பது என்ன?

நோய்க் கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் பாதுகாப்பு முறை, ஒரு சாதாரண உணவை எதிரியாக நினைத்துத் தாக்குவதே உணவு ஒவ்வாமை. பசுப்பால், முட்டை, கச்சான், கஜு, எள், கோதுமை, சோயா, மீன், இறால், நண்டு போன்றவை இதற்குப் பொதுவான காரணங்கள். மாட்டிறைச்சி ஒவ்வாமையும் இலங்கைப் பிள்ளைகளிடம் பதிவாகியுள்ளது.

சிலருக்குத் தோலில் தடிப்போடு நின்றுவிடும். சிலருக்கோ தொண்டை வீங்கி, மூச்சுக் குழாய் சுருங்கி, இரத்த அழுத்தம் குறைந்து உயிராபத்து ஏற்படும். இதனை வைத்தியர்கள் அனஃபிலக்ஸிஸ் என்பார்கள். முதல் தடவை இலேசாக வந்தது அடுத்த தடவையும் இலேசாகவே வரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

உடனே செய்ய வேண்டியவை

மூச்சுத் திணறல், விடாத இருமல், குரல் மாற்றம், நாக்கு வீக்கம், திடீர்ச் சோர்வு, மயக்கம் ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். தோலில் தடிப்பு இல்லாமலும் இவை வரலாம். 1990 இலக்கத்துக்கு அழையுங்கள், அல்லது கிடைக்கும் வாகனத்தில் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். பிள்ளையை நடக்க விடாதீர்கள். படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்துங்கள். மூச்சு விடச் சிரமப்பட்டால் உட்கார வையுங்கள்.

இதற்கு முதல் மருந்து அட்ரினலின் ஊசிதான். பிரிட்டோன் அரிப்பைக் குறைக்கும். தொண்டை அடைப்பதைத் தடுக்காது. ஓதிப் பார்ப்பதென்றால் வாகனத்தில் போகும்போது ஓதுங்கள். அதற்காக வீட்டில் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். பிள்ளை தேறிய பின்னும் சில மணி நேரம் கழித்து அறிகுறிகள் திரும்பி வரலாம் என்பதால், வைத்தியர் சொல்லும்வரை வீட்டுக்கு அழைத்துவரக் கூடாது.

“பழகினால் சரியாகிவிடும்”

எங்கள் குடும்பத்திலும் இப்படிச் சொன்னார்கள். குழந்தைப் பருவத்திலேயே கச்சான் உணவைக் கொடுத்து வந்தால் அந்த ஒவ்வாமை உருவாவதைப் பெருமளவு தடுக்கலாம் என்று 2015இல் வெளியான லண்டன் ஆய்வொன்று காட்டியது உண்மைதான். ஆனால் அது ஒவ்வாமை இன்னும் உருவாகாத குழந்தைகளைப் பற்றியது. ஏற்கனவே ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு வீட்டில் நாமாகக் கொடுத்துப் பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும்.

எமது விருந்துகளில்

கஜுவைப் பொறுக்கி எடுத்தால் போதும் என்று நான் நினைத்ததுதான் தவறு. அதன் துகளும் எண்ணெயும் உணவில் தங்கிவிடும். ஒரே சஹனில் பலர் கைவைத்து உண்ணும்போதும், ஒரே அகப்பையால் எல்லாக் கறிகளையும் பரிமாறும்போதும் இதே ஆபத்து இருக்கிறது. ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குத் தனித் தட்டு வையுங்கள். அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நோன்புக் கஞ்சி பகிர்பவர்களும் வலீமாவுக்குச் சமைப்பவர்களும் என்னென்ன சேர்த்தோம் என்று கேட்பவருக்குச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். பாலர் பாடசாலையிலும் மத்ரஸாவிலும் பிள்ளைகள் உணவைப் பகிர்ந்துண்பார்கள். ஆகவே ஆசிரியர்களிடம் எழுத்தில் கொடுத்து வையுங்கள்.

பிள்ளைக்குக் குறை இருப்பதாக ஊர் பேசும் என்று சில தாய்மார் இதை மறைக்கிறார்கள். நானும் மறைத்தேன். சாச்சிக்கு அன்று விடயம் தெரிந்திருந்தால் அந்தத் தட்டை நீட்டியிருக்கவே மாட்டார். இப்போது எங்கு சென்றாலும் முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தப் பெருநாளைக்கு சாச்சி கஜு இல்லாமல் தனியாக ஒரு வட்டிலப்பம் செய்து வைத்திருந்தார்.