எதிர்ப்புச் சக்திப் பொடி வேண்டாம், பள்ளிக்கு அனுப்புங்கள்

பள்ளி திறந்து சில வாரங்கள் போனால் போதும், அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கத்துப் பிள்ளைகளிடம் மருத்துவராக ஒரே கதையைத்தான் கேட்கிறேன். விட்டுவிட்டு வரும் காய்ச்சல், கன்னத்தில் சிவப்பு, கொத்துக் கொத்தாக முடி கொட்டுதல், கால் வீக்கம். பெரும்பாலும் ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பெண் பிள்ளைகள். சிறுநீரில் புரதம் போக ஆரம்பித்த பிறகே அழைத்து வருகிறார்கள். முதல் மாதமே வந்திருந்தால் சிறுநீரகத்தைக் காப்பாற்ற இத்தனை பாடுபட வேண்டியதில்லை.

அம்மை என்று அடைத்து வைக்காதீர்கள்

முகம் சிவந்து காய்ச்சலும் அடித்தால் 'ஆத்தா வந்திருக்கா' என்று வேப்பிலை செருகி, பிள்ளையை உள்ளறையில் படுக்க வைத்துவிடுகிறார்கள். வெயில் படாததால் சிவப்பு சற்று மங்கும். வேப்பிலை கேட்டுவிட்டது என்று நிம்மதியாகிறார்கள். அம்மைக் கொப்புளம் ஓரிரு வாரத்தில் காய்ந்து உதிர்ந்துவிடும். மூக்கின் இருபுறமும் பரவி, வெயிலில் கூடி, மாதக்கணக்கில் நிற்கிற சிவப்பு, லூபஸ் என்னும் தன்னெதிர்ப்பு நோயாக இருக்கலாம். இரத்தத்தில் ஏ.என்.ஏ. பரிசோதனையும் சிறுநீரில் புரதமும் பார்த்தால் வழி தெரிந்துவிடும்.

'எதிர்ப்புச் சக்தி கம்மியா இருக்கு'

இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. லூபஸ், சிறார் மூட்டுவாதம், டைப் 1 சர்க்கரை மூன்றிலும் எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்குகிறது. அதைப் பொடி கலக்கிக் கொடுத்து மேலும் தூண்டிவிடுவானேன்? கொரோனா காலத்தில் சீந்தில் கொடியை வீடுதோறும் காய்ச்சிக் குடித்தார்கள். அப்படிக் குடித்த சிலருக்குக் கல்லீரல் பாதித்ததை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். தன்னெதிர்ப்பு நோய் ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களும் அதில் உண்டு. 'மூலிகைதானே, என்ன பண்ணிடப் போவுது' என்று இனியும் சொல்லாதீர்கள்.

மெடிக்கலில் 'வலிக்கு ஒரு செட் மாத்திரை' வாங்குவது அதைவிட மோசம். அந்த செட்டில் ஸ்டீராய்டு இருந்தால் வலி இரண்டு நாளில் போய்விடும். நோய் உள்ளுக்குள் வளரும். அதே ஸ்டீராய்டை நாங்கள் அளவு பார்த்து எழுதிக் கொடுத்தால், முகம் உப்புகிறது, வகுப்பில் 'பன்னு' என்கிறார்கள் என்று பிள்ளை யாருக்கும் சொல்லாமல் நிறுத்திவிடுகிறாள். வாரக்கணக்கில் போட்ட ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும். முகம் பழையபடி ஆகும், கண்ணு. அளவைக் குறைக்க வேண்டியது எங்கள் வேலை. நீயாக நிறுத்தாதே.

'நடிக்கிறா சார்'

மூட்டுவாதம் 16 வயதுக்கு முன்பும் வரும். காலை 7 மணிக்குச் சடை பின்னக் கை தூக்க முடியாத பெண், 11 மணிக்கு மாடிப்படி ஏறுவாள். விடியலில் இறுகிப்போகும் மூட்டு அசைய அசையத்தான் இளகும். இது தெரியாததால் முதல் பாடவேளைக்குத் தாமதமாக வந்தவளை வெளியே நிறுத்துகிறார்கள், அதுவும் வெயிலில்.

ஆசிரியர்களைக் கையெடுத்துக் கேட்கிறேன். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் இந்த நோயுள்ள பிள்ளையை நிழலில் நிற்க விடுங்கள். வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். டைப் 1 பிள்ளை பள்ளியில் இன்சுலின் போட்டுக்கொள்ளவும் இடையில் தின்பண்டம் சாப்பிடவும் அனுமதிக்கச் சொல்லி தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023இலேயே எழுதிவிட்டது.

அம்மா அப்பாவுக்கு

இந்த நோய்களுக்கு இங்குள்ள அனல்மின் நிலையச் சாம்பல்தான் காரணமா என்று தாய்மார்கள் கேட்கிறார்கள். ஒரு பிள்ளையைக் காட்டி அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். பறக்கிற நாளில் மாஸ்க் போட்டு அனுப்புங்கள்.

ஷிப்ட் வேலையில் ஒரு நாள் கூலி போகும் என்று தெரியும். ஆனாலும் வாருங்கள். அத்திப்பட்டு புதுநகரில் சென்ட்ரல் போகும் மின்சார ரயில் ஏறினால், இறங்கியதும் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. அங்கே ருமட்டாலஜி (மூட்டுவாத நோய்) பிரிவு இருக்கிறது. நாளைக்குக் கல்யாணப் பேச்சில் இடிக்கும் என்று நோயைப் பள்ளியிடம் மறைக்காதீர்கள், படிப்பை நிறுத்தாதீர்கள். இந்த நோயோடு பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகலாம்.

வகுப்பில் வேறு யாருக்காவது நிஜமாகவே அம்மை போட்டால், ஆசிரியர் அன்றே இந்த நோயுள்ள பிள்ளையின் வீட்டுக்குச் சொல்லிவிட வேண்டும். எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அம்மை நுரையீரல் வரை போகும். கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே எங்களிடம் அழைத்து வாருங்கள்.