உப்பு நீர் சொன்ன உண்மை

1998-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஒரு நாள், அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ‘டேட்லைன்’ என்னும் நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்த ஜனங்கள், ஆட்டிசம் உள்ள ஒரு சிறுவன், செக்ரெட்டின் என்ற மருந்து அவனுடைய இரத்தக் குழாயில் செலுத்தப்பட்டதற்குப் பிறகு, தாயின் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவும், இழந்துவிட்டதாக எண்ணியிருந்த சொற்களை மீண்டும் சொல்லவும் தொடங்கினான் என்ற விருத்தாந்தத்தைக் கண்டார்கள். கண்டவர்களுள் அதே குறையுடைய குழந்தைகளைப் பெற்று, வருஷக்கணக்காக ஒரு நல்வார்த்தைக்குக் காத்திருந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் உள்ளத்தில் அன்று என்ன எழுந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டியதில்லை.

செக்ரெட்டின் புதிய பொருள் அன்று. 1902-ஆம் ஆண்டில் லண்டன் யூனிவர்சிடி காலேஜில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அதைக் கண்டுபிடித்தார்கள். இரைப்பையிலிருந்து அமிலம் கலந்த உணவு சிறுகுடலுக்குள் இறங்கும்போது, குடலின் சுவரிலிருந்து சுரந்து, இரத்தத்தின் வழியே கணையத்தை அடைந்து, அமிலத்தைத் தணிக்கும் நீரைச் சுரக்கும்படி அதை ஏவும் தூதன் அது. ‘ஹார்மோன்’ என்ற பெயரை ஸ்டார்லிங் 1905-இல் வழங்கியபோது, அந்த வகைக்கு முதல் உதாரணமாக விளங்கியது இந்தச் செக்ரெட்டினே. பிற்காலத்தில், கணையம் சரிவர வேலை செய்கிறதா என்று சோதிப்பதற்காகப் பன்றியின் குடலிலிருந்து எடுத்த செக்ரெட்டினை வைத்தியர்கள் உபயோகித்து வந்தார்கள்.

அப்படிப்பட்ட சோதனை ஒன்றுதான் இந்தக் கதைக்குத் தோற்றுவாய். மேரிலாண்ட் சர்வகலாசாலையில் கரோலி ஹோர்வாத் என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும், வயிற்றுக் கோளாறுக்காக வந்த ஆட்டிசம் உள்ள மூன்று குழந்தைகளுக்கு அந்தச் சோதனையைச் செய்தார்கள். ஐந்து வாரங்களுக்குள் அம்மூவருக்கும் வயிற்று உபாதை தணிந்ததோடு, பார்வையிலும் பேச்சிலும் கவனத்திலும் அபிவிருத்தி காணப்பட்டதாக 1998-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மூன்றே மூன்று குழந்தைகள். மருந்து பெறாத குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்த்ததும் இல்லை. ஆராய்ந்து பார்க்கத் தக்க ஒரு கேள்வி என்ற அளவில் அது மதிப்புள்ளதே. ஆனால் தொலைக்காட்சியின் ஒளியில் அந்தக் கேள்வி விடையாக மாறிவிட்டது.

பிறகு நடந்தது வியப்புக்குரியதன்று. மருந்தைத் தேடி வைத்தியர்களிடம் பெற்றோர் குவிந்தார்கள், கையிருப்பு தீர்ந்தது, கிடைத்த இடங்களில் விலை பன்மடங்கு ஏறியது, ஆட்டிசத்துக்கு அது பயன்படும் என்பதற்கு எவ்வித நிரூபணமும் கிடைக்கும் முன்னரே ஆயிரக்கணக்கான குழந்தைகளின் உடலில் அது ஏற்றப்பட்டது.

இந்த நிலையில்தான் வட கரோலினா மாகாணத்தின் ஆஷ்வில் நகரில் ஏட்ரியன் சாண்ட்லர் என்பவரும் அவருடைய குழுவினரும், விஞ்ஞானம் எத்தனையோ தவறுகளுக்குப் பிறகு கற்றுக்கொண்ட ஓர் எளிய முறையைக் கையாண்டார்கள். 60 குழந்தைகளை, சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோலத் தற்செயலாகவே இரண்டு பிரிவுகளாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்குச் செக்ரெட்டினையும், மற்றப் பிரிவினருக்கு வெறும் உப்பு நீரையும் ஒரு முறை செலுத்தினார்கள். எந்தக் குழந்தைக்கு எது கிடைத்தது என்பது பெற்றோருக்கும் தெரியாது. குழந்தையைக் கவனித்து மதிப்பெண் இடுகிறவர்களுக்கும் தெரியாது. நான்கு வாரங்கள் கவனித்துப் பெற்ற முடிவு 1999 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ பத்திரிகையில் வெளிவந்தது.

குறைபாட்டை அளக்கும் ஓர் அட்டவணையில், செக்ரெட்டின் பெற்ற குழந்தைகளின் மதிப்பெண் சராசரியாக 8.9 குறைந்திருந்தது. குறைவது நல்லதற்கு அடையாளமாகையால், இதை மட்டும் கேட்டவர் மருந்து பலித்தது என்றே மகிழ்ந்திருப்பார். ஆனால் உப்பு நீர் பெற்ற குழந்தைகளுக்கோ 17.8 குறைந்திருந்தது! இந்த வித்தியாசமும் தற்செயலாக நேரக்கூடியதே என்று கணக்கு காட்டியது. ஆகவே உப்பு நீர் சிறந்த மருந்து என்று யாரும் கொள்ள வேண்டியதில்லை. மருந்து இல்லாமலேயே மருந்தின் பலன் எனத் தோன்றக்கூடிய மாறுதல் நிகழும் என்பதே அந்த எண்கள் போதித்த பாடம்.

எப்படி நிகழும்? ஆட்டிசம் உள்ள குழந்தையும் வளர்கிற குழந்தைதான். பேச்சுப் பயிற்சியும் பள்ளியும் வீட்டாரின் பரிவும் நாள்தோறும் அதனுள் வேலை செய்துகொண்டே இருக்கின்றன. மேலும், அதன் நிலை ஒரு வாரம் மோசமாகவும் மறுவாரம் சற்றுத் தேறியும் மாறி மாறி வருவது சகஜம். மிக மோசமான வாரத்தில்தான் பெற்றோர் புதிய சிகிச்சையைத் தேடிப் புறப்படுகிறார்கள் ஆகையால், அடுத்து வரும் தேறுதல் அந்தச் சிகிச்சையின் கணக்கில் ஏறிவிடுகிறது. இவற்றோடு எதிர்பார்ப்பும் சேர்கிறது. ஊசி போட்ட மறுநாள் முதல் குழந்தையின் கண்ணசைவு ஒவ்வொன்றையும் தாய் எண்ணிக் காத்திருக்கிறாள்; முன்பு கவனிக்காமல் விட்டவையும் இப்போது அவள் கண்ணில் படுகின்றன. இதைப் பேதைமை என்று சொல்ல எனக்கு மனம் வராது. அன்பின் இயல்பு அது. அந்த அன்புக்குத் துணையாக ஓர் அளவுகோல் வேண்டும் என்பதற்காகவே உப்பு நீர்ப் பரிசோதனை ஏற்பட்டது.

ஆஷ்வில் பரிசோதனையின் முடிவைத் தெரிவித்த பிறகும், அதில் பங்குகொண்ட குழந்தைகளின் பெற்றோரில் நூற்றுக்கு 69 பேர் தங்கள் குழந்தைக்குச் செக்ரெட்டின் கொடுப்பதில் இன்னும் நாட்டமுள்ளவர்களாகவே இருந்தார்கள். ஆனால் பின்னர் நடந்த பரிசோதனைகளும் ஆஷ்வில் முடிவையே உறுதிப்படுத்தின. 900-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பங்குகொண்ட 16 பரிசோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆராய்ச்சி அமைப்பின் மதிப்புரை, செக்ரெட்டினால் பயன் உண்டு என்பதற்குச் சான்று இல்லை என்று 2012-இல் மீண்டும் தெரிவித்தது.

செய்தி உலகத்தின் பொறுப்பைப் பற்றி நான் சொல்ல விரும்புவது இந்த இடத்தில்தான். மறுப்பை ஒருவரும் வெளியிடவில்லை என்பதல்ல என் குறை. பத்திரிகைகள் அதையும் வெளியிட்டன. ஆனால் நம்பிக்கை ஒரு குழந்தையின் முகத்தோடும் தாயின் குரலோடும் வீட்டுக்குள் வந்தது; மறுப்போ எண்களின் வரிசையாக வந்தது. முகம் நெஞ்சில் பதிகிறது, எண் மறந்துபோகிறது. ஆகவே, ஒரு குழந்தையின் கதையைச் சொல்ல முன்வரும் ஆசிரியர், ஒப்பிட்டுப் பார்த்தார்களா, எத்தனை பேரிடம் பார்த்தார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் அதே குரலில், அதே நேரத்தில் கேட்டுவிட வேண்டும். பரிசோதனையின் முடிவு வரும்போது, முதல் செய்திக்குத் தந்த இடத்தையே அதற்கும் தர வேண்டும்.

ஏனெனில், ஆதாரமற்ற எல்லாச் சிகிச்சையும் செக்ரெட்டின் அளவுக்குச் சாதுவானதல்ல. உடலிலுள்ள உலோகங்களை வெளியேற்றினால் ஆட்டிசம் தீரும் என்று சொல்லப்பட்ட ‘கீலேஷன்’ சிகிச்சையின்போது, 2005-இல் பென்சில்வேனியாவில் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இரத்தத்தில் கால்சியம் வீழ்ந்து இறந்தான். உயிர்ச்சேதம் நேராத இடங்களிலும், சீராகப் பேச்சுப் பயிற்சிக்குச் சென்றிருக்க வேண்டிய நாட்களும் குடும்பத்தின் சேமிப்பும் கரைந்து போகின்றன.

ஆஷ்வில் நகரத்தில் உப்பு நீர் பெற்ற குழந்தைகளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அவர்களில் யாரேனும் ஒரு புதிய சொல்லைச் சொல்லியிருந்தால், அச்சொல் பொய்யாகிவிடாது. அதைச் சொன்னது குழந்தை. அதற்குக் காரணம் அதன் வளர்ச்சியும், அதை வளர்த்தவர்களின் உழைப்பும். ஆதாரமற்ற சிகிச்சை பெற்றோரிடமிருந்து பணத்தை மட்டும் வாங்கிக்கொள்வதில்லை. குழந்தை தானாக முயன்று பெற்ற வெற்றியையும் வாங்கி, ஒரு மருந்துப் புட்டியின் பெயரில் எழுதிவிடுகிறது. அதைக் குழந்தைக்கே திருப்பிக் கொடுத்தது அந்த உப்பு நீர்.