சாவுப் பதிவேடும் சாட்சி சொன்னது

1945-ம் ஆண்டு டிசம்பர் 13-ந் தேதி. ஜெர்மனியில் நியூரம்பர்க் நகர நீதி மாளிகையில் சர்வதேச ராணுவ நீதிமன்றம் கூடியிருந்தது. ஹிட்லரின் வலக்கரமாக இருந்த கோயரிங் முதலானோர் குற்றவாளிக் கூண்டில் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அமெரிக்கத் தரப்பு வழக்கறிஞர் தாமஸ் டாட் எழுந்து ஏழு பதிவேடுகளைப் பற்றிப் பேசினார். ஒவ்வொன்றின் மேலும் "சாவுப் புத்தகம்" என்று ஜெர்மன் மொழியில் எழுதியிருந்தது. ஆஸ்திரியாவில் மௌட்ஹவுசன் என்ற ஊரில் இருந்த நாஜி சித்திரவதை முகாமின் பதிவேடுகள் அவை.

அவற்றில் உள்ள பெயர்கள் 35,000-க்கும் மேல். வரிசை எண், பெயர், பிறந்த ஊர், செத்த தேதி, நேரம், காரணம் என்று கட்டம் கட்டமாக, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதப்பட்டவை. 1945 மார்ச் 19-ந் தேதிக்கு உரிய பக்கங்களை டாட் எடுத்துச் சொன்னார். அன்று 203 பேர் இறந்ததாகக் கணக்கு. முதல் ஆள் விடியற்காலை 1 மணி 15 நிமிஷத்துக்கு இறந்தார். கடைசி ஆள் பிற்பகல் 2 மணிக்கு இறந்தார். 203 பேருக்கும் ஒரே வியாதி, இருதயக் கோளாறு. அது மட்டுமல்ல, அத்தனை பேரும் பெயரின் அகர வரிசைப்படி இறந்திருந்தார்கள்!

ரெஜிஸ்தர் எழுதிப் பழகியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. சராசரியாக நாலு நிமிஷத்துக்கு ஒருவர் வீதம், அகர வரிசையில் மாரடைப்பு வருமா? பட்டியல் முன்னால் வந்தது. சாவு பின்னால் வந்தது. கணக்கை அழகாக எழுதி வைத்ததே கொலைக்குச் சாட்சி ஆகிவிட்டது.

காகிதமே போதும்

நியூரம்பர்க் விசாரணை 1945 நவம்பர் 20-ல் ஆரம்பித்து 1946 அக்டோபர் 1-ல் தீர்ப்போடு முடிந்தது. அமெரிக்கா, பிரிட்டன், ருஷ்யா, பிரான்ஸ் ஆகிய நாலு தேசங்களின் நீதிபதிகள் விசாரித்தார்கள். அமெரிக்காவின் பிரதம வழக்கறிஞர் ராபர்ட் ஜாக்ஸன் ஆரம்பத்திலேயே ஒரு முடிவு செய்தார். ஆட்களின் வாய்ச் சாட்சியத்தை விட நாஜிகளின் சொந்த ஆபீஸ் காகிதங்களைக் கொண்டே வழக்கை நிரூபிக்க வேண்டும் என்பதே அந்த முடிவு. கஷ்டப்பட்டவன் வந்து சொன்னால் பகையினால் சொல்கிறான் என்பார்கள். தான் போட்ட கையெழுத்தைத் தானே மறுப்பது சுலபமல்ல.

காகிதத்தோடு சினிமாவும் சாட்சியாக வந்தது. விசாரணை தொடங்கி பத்தாம் நாளே, நவம்பர் 29-ந் தேதி, கோர்ட்டில் திரை கட்டினார்கள். நேச நாட்டுப் படைகள் முகாம்களுக்குள் நுழைந்தபோது ராணுவக் காமிராக்காரர்கள் எடுத்த படம் அது. 80,000 அடி பிலிமிலிருந்து 6,000 அடியைத் தேர்ந்தெடுத்து, ஒரு மணி நேரம் ஓடும்படி தொகுத்திருந்தார்கள். பிலிமில் எந்த மாற்றமும் செய்யவில்லை என்று தயாரித்தவர்கள் பிரமாணப் பத்திரம் கொடுத்தார்கள். அதைப் படத்தின் தொடக்கத்திலேயே காட்டினார்கள். பத்திரங்களுக்கு எண் போடுவது போலவே அந்தப் படத்துக்கும் எண் போட்டுத் தாக்கல் செய்தார்கள்.

விளக்கை அணைத்த பிறகும் கூண்டின் மேல் மட்டும் மெல்லிய வெளிச்சம் விழும்படி செய்திருந்தார்கள். திரையைப் பார்த்தவர்கள் எதிரிகளின் முகங்களையும் பார்க்க முடிந்தது. பொருளாதார மந்திரி பதவி வகித்த ஷாக்ட் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். ஃபுங்க் கண்ணீர் விட்டார். பக்கத்தில் நின்று கவனித்த சிறை மனோதத்துவ டாக்டர் இதையெல்லாம் குறித்து வைத்தார்.

எரிக்காத குமாஸ்தா

இந்தப் பதிவேடுகள் கோர்ட் வரை வந்தது எப்படி? தோல்வி நெருங்கியதும் எல்லா முகாம்களுக்கும் ஒரே உத்தரவுதான்: காகிதங்களைக் கொளுத்து.

மௌட்ஹவுசனில் முகாம் டாக்டரின் ஆபீசில் எழுத்து வேலை பார்த்தவர் எர்ன்ஸ்ட் மார்ட்டின் என்ற ஆஸ்திரியர். அவரும் ஒரு கைதிதான். செத்தவர்களைப் பதிவு செய்வது அவர் வேலை. கொன்றவர்கள் சொன்ன பொய்க் காரணத்தை எழுதவேண்டிய நிலைமை. மறுத்தால் அந்தப் புத்தகத்தில் அவர் பெயரே ஏறியிருக்கும். கடைசி நாட்களில் எல்லாவற்றையும் எரிக்கச் சொன்னபோது அவர் சாவுப் பதிவேடுகளை எரிக்காமல் ஒளித்து வைத்தார். 1945 மே 5-ந் தேதி அமெரிக்கப் படை வந்ததும், விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் ஒப்படைத்தார். துப்பாக்கி எடுத்துச் சண்டை போட்டவர் அல்ல அவர். ஒரு ரெஜிஸ்தரை எரிக்கவில்லை, அவ்வளவுதான். மாட்டியிருந்தால் உயிர் போயிருக்கும்.

சுவரில் ஒளிந்த நெகடிவ்கள்

அதே முகாமில் போட்டோ பிரிவு ஒன்று இருந்தது. அங்கே வேலை செய்தவர் பிரான்சிஸ்கோ பொய்ஷ். பார்சிலோனாவில் பிறந்தவர். ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் தோற்ற குடியரசுத் தரப்பைச் சேர்ந்தவர்கள் 7,000 பேருக்கு மேல் இந்த முகாமுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் ஒருவர். கருங்கல் குவாரியில் 186 படி ஏறிக் கல் சுமந்து செத்தவர்கள் ஏராளம். போட்டோ எடுக்கத் தெரிந்ததால் பொய்ஷ் பிழைத்தார்.

காவலர்கள் தங்கள் பெருமைக்காக எல்லாவற்றையும் படம் எடுத்தார்கள். பெரிய மனிதர்கள் பார்வையிட வந்ததையும் எடுத்தார்கள். மின்வேலியில் செத்துக் கிடந்தவர்களையும் எடுத்தார்கள். பொய்ஷும் மற்ற ஸ்பானியக் கைதிகளும் நெகடிவ்களைத் திருடிப் பதுக்கினார்கள். ஊருக்குள் கல் கம்பெனி வேலைக்குப் போய்வந்த சின்ன வயது ஸ்பானியக் கைதிகள் அவற்றை வெளியே கடத்தினார்கள். அன்னா பாயிண்ட்னர் என்ற உள்ளூர் அம்மாள் வாங்கித் தன் தோட்டச் சுவரின் இடுக்கில் மறைத்து வைத்தார்.

1946 ஜனவரி 28, 29 தேதிகளில் பொய்ஷ் நியூரம்பர்க் கோர்ட்டில் சாட்சி சொன்னார். படங்களைத் திரையில் காட்டி ஒவ்வொன்றையும் விளக்கினார். நாஜிப் போலீஸ் தலைவர் ஹிம்லரோடு கால்டென்புருன்னர் முகாமுக்கு வந்து நின்ற படமும் அவற்றில் இருந்தது. முகாமுக்கு வந்த வேறு யாராவது இங்கே இருக்கிறார்களா என்று கேட்டபோது, கூண்டிலிருந்த ஆயுத மந்திரி ஷ்பீரைக் கை நீட்டிக் காட்டினார். பொய்ஷ் நெடுநாள் வாழவில்லை. 1951-ல் பாரிஸில் இறந்தபோது அவருக்கு வயது 30.

எரிந்த காகிதம் ஒன்று

கோர்ட்டில் காட்டிய அந்த ஒரு மணி நேரப் படத்தில் மௌட்ஹவுசனும் வருகிறது. எலும்பும் தோலுமாக ஓர் அமெரிக்கர் காமிரா முன் நின்று பேசுகிறார். கடற்படை லெப்டினன்ட் ஜாக் டெய்லர். ரகசிய வேலையாக ஆஸ்திரியாவில் பாராசூட்டில் இறங்கிப் பிடிபட்டவர். அவருக்கு ஏப்ரல் 28-ந் தேதி மரணம் என்று உத்தரவு தயாராகியிருந்தது. முகாம் ஆபீசில் எழுத்து வேலை பார்த்த செக் நாட்டுக் கைதி ஒருவர் அந்தக் காகிதத்தை எடுத்து நெருப்பில் போட்டுவிட்டார். காகிதம் இல்லை என்றால் தண்டனையும் இல்லை. டெய்லர் பிழைத்து, 1946-ல் டாக்காவ் என்ற ஊரில் மௌட்ஹவுசன் அதிகாரிகள் 61 பேர் மீது அமெரிக்க ராணுவம் நடத்திய வழக்கிலும் சாட்சி சொன்னார். அதில் 58 பேருக்குத் தூக்கு என்று தீர்ப்பாகி, 49 பேர் தூக்கிலிடப்பட்டார்கள்.

நியூரம்பர்க் பெரிய வழக்கில் 22 பேருக்குத் தீர்ப்பு சொல்லப்பட்டது. 12 பேருக்கு மரண தண்டனை. 3 பேருக்கு ஆயுள். 4 பேருக்கு 10 முதல் 20 வருஷம் வரை சிறை. 3 பேர் விடுதலை. கால்டென்புருன்னர் தூக்கிலிடப்பட்டார். ஷ்பீருக்கு 20 வருஷம்.

வழக்கின் மூலப் பத்திரங்கள் இன்று ஹாலந்தில் ஹேக் நகரத்து சர்வதேச நீதிமன்றத்தின் பொறுப்பில் இருக்கின்றன. விசாரணையை அமெரிக்க ராணுவம் பிலிமில் பிடித்தது சுமார் 25 மணி நேரம்தான். ஆனால் பேச்சு முழுவதும் இசைத்தட்டில் பதிவாகியிருக்கிறது: 1,942 தட்டுகள், 775 மணி நேரம். 2013-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் இந்த ஆவணங்களை உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது.

பெயர் எழுதப்படாதவர்கள்

எழுதி வைத்ததால் வழக்கு நின்றது, சரி. எழுத ஆளே இல்லாத இடத்தில்? இதைக் கேட்கும்போது ஐரோப்பாவை விட்டு நம் ஆட்கள் செத்த ஓர் இடத்துக்கு வரவேண்டியிருக்கிறது. அது சயாம் ரயில் பாதை.

1942-43-ல் ஜப்பான் ராணுவம் சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டை வெட்டி 415 கிலோ மீட்டர் ரயில் பாதை போட்டது. வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல். செத்தவர்கள் 12,000 பேருக்கு மேல். ஆசியக் கூலிகள் இதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். இவர்களில் மலேயா ரப்பர் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர்கள் ஏராளம். ஆசியக் கூலிகளில் இறந்தவர்கள் 80,000 முதல் ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்பது மதிப்பு. மதிப்புதான், கணக்கு அல்ல.

போர்க் கைதிகளிடம் அதிகாரிகளும் டாக்டர்களும் இருந்தார்கள். யார், எந்த முகாமில், என்ன வியாதியில் செத்தார் என்று ரகசியமாக எழுதி, மூங்கில் குழாயிலும் புட்டியிலும் போட்டுப் புதைத்து வைத்தார்கள். சண்டை முடிந்ததும் தோண்டி எடுத்தார்கள். காஞ்சனபுரி மயானத்தில் ஏறக்குறைய 7,000 சமாதிகள் வரிசையாக இருக்கின்றன. 1946 முதல் 1948 வரை பிரிட்டிஷ் ராணுவம் சிங்கப்பூரில் 131 யுத்தக் குற்ற வழக்குகளை நடத்தியது. அவற்றில் இந்த ரயில் பாதைக் கொடுமைகளும் வந்தன. 7,000 போர்க் கைதிகள் கொண்ட ஒரு படைப்பிரிவில் 3,000 பேருக்கு மேல் செத்ததற்குத் தனி வழக்கே நடந்தது.

தோட்டத்துக் கூலிக்குப் பட்டியல் எழுதியவர் யார்? காலராவில் செத்தவரைக் குழியில் தள்ளினார்கள், அல்லது கொளுத்தினார்கள். மலேயாவில் காத்திருந்த மனைவிக்கும், தஞ்சாவூரிலோ சேலத்திலோ இருந்த தாய்க்கும் சொல்ல ஒரு துண்டுச் சீட்டு இல்லை. திரும்பி வந்தவர்கள் சொன்னது மட்டுமே கணக்கு. அவர்களும் வயதாகிப் போய்விட்டார்கள்.

ஊர் விட்டு வந்து பிழைக்கிறவர்களுக்கு இதை விளக்கவேண்டாம். மஸ்டர் ரோலில் பெயர் ஏறாத நாளுக்குக் கூலி கிடையாது. விபத்து நடந்தால், இந்த ஆள் நம்மிடம் வேலை செய்யவே இல்லை என்று காண்டிராக்டர் கைவிரிப்பான். பெயரை எழுதச் சொல்லிக் கேட்பதும், மேஜையில் இருக்கிறவர் அதைச் சரியாக எழுதுவதும் சின்ன வேலை என்று தோன்றலாம். மௌட்ஹவுசனில் ஒரு குமாஸ்தா எரிக்காமல் வைத்த புத்தகத்தில் 35,000 பேருக்குப் பெயர் இருக்கிறது. சயாம் காட்டில் செத்த நம் ஆட்களுக்கு அது கூட இல்லை.