ஆற்று மணலில் பொன்

அரிக்கன் சட்டியில் அரிசி அரிக்கத் தெரிந்த எவருக்கும் ஆற்றுப் பொன் எடுக்கும் முறை புதிதல்ல. அரிசி நீரோடு போகும்; கல் அடியில் நிற்கும். கேரளத்தின் நிலம்பூரில் சாலியாற்று மணலை மரத்தட்டில் இட்டுச் சுழற்றி வந்தோரும் இதையே செய்தனர். வெண்மணல் தண்ணீரைப் போல் இரண்டரை மடங்கு பாரம். சுத்தப் பொன் 19 மடங்கு. கடைசியில் தட்டில் எஞ்சுவது ஒரு பிடி கருமணல். பொன்தூள் அதனுள்தான் கிடக்கும்.

அந்த ஆற்றின் கிளைகள் சில கூடலூர் மலைகளில் பிறக்கின்றன. 1964 ஒப்பந்தத்தின் பின் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட நம் மலையகக் குடும்பங்கள் பல, அப்பகுதித் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தன. அதற்கு வெகு முன்னர், 1880ஐ ஒட்டி, இலண்டன் கம்பனிகள் அங்கே பெரும்பணம் கொட்டிச் சுரங்கம் வெட்டி, சில ஆண்டுகளில் கைவிட்டுப் போயின. பாறையின் வெண்கல் நரம்புகளிலுள்ள பொன்னை மழையும் வெள்ளமும் அரித்து ஆற்றில் சேர்க்கின்றன.

ஆற்றுப் பொன் 24 கரட் அல்ல. பெரும்பாலும் நூற்றுக்கு 5 முதல் 20 பங்கு வரை வெள்ளியும், சிறிது செம்பும் கலந்திருக்கும். ஆற்றில் நெடுங்காலம் கிடக்கையில் மேற்பரப்பிலுள்ள வெள்ளி மெல்லக் கரைந்துபோகும், பொன் நிற்கும். ஆகவே மணியின் தோல் நல்ல மாற்று, உள்ளே குறைந்த மாற்று. உரைகல் தோலையே காட்டும்; உருக்கினால் மாற்று இறங்கும். தட்டார் விலையைக் குறைத்தால் உடனே ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. (எப்போதும் நேர்மை என்றும் நாம் சொல்லமாட்டோம்!)

மினுங்கும் தகடு நீரில் மிதந்தோடினால் அது காக்காப்பொன். இரும்பும் கந்தகமும் சேர்ந்த மஞ்சட் கல்லும் பலரை ஏமாற்றும். சுத்தியலால் தட்டுங்கள்: அது நொறுங்கும், பொன் தட்டையாகும்.

நாம் அஞ்சுவது பாதரசத்தை. நுண்ணிய தூளைப் பிடிக்க அதைக் கலந்து, பின்னர் அடுப்பில் காய்ச்சி ஆவியாக்கும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. அந்த ஆவி கண்ணுக்குத் தெரியாது, மணக்காது. மூளையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஆற்றில் விழுந்த பாதரசம் மீன்வழியே கர்ப்பிணித் தாயையும் வயிற்றுப் பிள்ளையையும் சேரும். இதைக் கட்டுப்படுத்தவே 2013இல் மினமாட்டா உடன்படிக்கை உருவானது.

கருமணலைக் காயவைத்து, இரும்புச் சத்துள்ள மணிகளைக் காந்தத்தால் இழுத்தெடுங்கள். எஞ்சியதைச் சிறு தட்டில் திரும்பத் திரும்ப அரித்தால் பாதரசம் இன்றியே பொன்னைப் பிரிக்கலாம். நேரம்தான் செல்லும்.