ஏழைக்கு எந்த இணையம்?

1854-ஆம் ஆண்டில் இந்தியத் தபால் இலாகா, கடிதம் போகவேண்டிய ஊர் அடுத்த தாலுகாவில் இருந்தாலும் சரி, ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தாலும் சரி, கால் தோலா எடைக்கு அரை அணா என்று தேசம் முழுவதற்கும் ஒரே கட்டணத்தை விதித்தது. சுமக்கிறவன் எடையைப் பார்த்துக் கூலி வாங்கலாமே ஒழிய, உறைக்குள் இருப்பது கல்யாணச் சேதியா வியாபாரக் கணக்கா என்று பார்த்து வாங்கலாகாது என்ற நியாயம் அந்த ஏற்பாட்டில் அடங்கியிருந்தது. இணையத்தைச் சுமந்து வரும் தொலைபேசி நிறுவனங்களும் அவ்வாறே பட்சபாதமின்றி நடந்துகொள்ள வேண்டும், ஒரு தளத்தை விரைவாகவும் மற்றொன்றை மந்தமாகவும், ஒன்றை இலவசமாகவும் மற்றொன்றைக் காசுக்கும் கொண்டுவந்து கொடுக்கக் கூடாது என்பதே இணையச் சமநிலைக் கொள்கை. டிம் வூ என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் 2003-ல் எழுதிய கட்டுரையால் ‘நெட் நியூட்ராலிட்டி’ என்ற பெயர் அதற்கு நிலைத்தது. 2010-ல் சிலி நாடு அதைச் சட்டமாகவே இயற்றியது.

செல்வ நாடுகளில் இந்த விவாதம் பெரும்பாலும் வேகத்தைப் பற்றியது. வறிய நாடுகளிலோ அது விலையைப் பற்றியது. 2014-ல் இந்தியாவில் ஒரு ஜிபி டேட்டாவின் சராசரி விலை ஏறத்தாழ 270 ரூபாய், அதாவது நூறு நாள் வேலைக்குப் போகிற ஒருவரின் ஒரு நாள் கூலியைவிட அதிகம். இப்படிப்பட்ட தேசத்தில் ‘இலவசம்’ என்று ஒருவர் முன்வந்தால் அதை மறுப்பது எளிதன்று. மறுப்பவர்களே ஏழைகளின் விரோதிகள் என்று சொல்லப்படுவதும் சகஜம்.

அந்தச் சோதனை 2015 பிப்ரவரியில் வந்தது. ஃபேஸ்புக் நிறுவனம் முந்திய ஆண்டு ஜாம்பியாவில் ஆரம்பித்திருந்த ‘இன்டர்நெட்.ஆர்க்’ என்னும் திட்டத்தை, ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் துணையோடு தமிழ்நாடு உட்பட ஆறு மாநிலங்களில் தமிழ் முதலிய பாஷைகளில் தொடங்கி, சில மாதங்களில் அதற்கு ‘ஃப்ரீ பேசிக்ஸ்’ என்று பெயரும் மாற்றியது. பேலன்ஸ் ஒரு ரூபாய்கூட இல்லாத கைபேசியை வைத்திருக்கும் ஓர் இளைஞன் அதைத் திறந்தால் அவன் கண்டது ஒரு பட்டியல்: செய்தி, வானிலை, வேலைவாய்ப்பு, விக்கிபீடியா, கூடவே ஃபேஸ்புக். படங்கள் சுருங்கி வரும், வீடியோ வராது. வேலை விளம்பரம் ஒன்றைப் படித்துவிட்டு, விண்ணப்பப் படிவத்துக்கான இணைப்பை அவன் தொட்டு, அந்தப் படிவம் பட்டியலுக்கு வெளியே உள்ள தளத்தில் இருந்துவிட்டால், ‘இதற்கு டேட்டா கட்டணம் ஆகும்’ என்ற அறிவிப்பு வந்து நிற்கும். காசில்லாதவனுக்கு இணையம் அந்த இடத்தோடு முடிந்தது.

பட்டியலில் இடம்பெற விரும்பும் தளம் ஃபேஸ்புக் வகுத்த தொழில்நுட்ப விதிகளுக்கு உட்பட வேண்டும். போக்குவரத்து அந்நிறுவனத்தின் சர்வர்கள் வழியாகவே நடக்க வேண்டும். ஒரு சிற்றூரில் இருந்துகொண்டு நெல் ரகங்களைப் பற்றிச் சிரத்தையோடு எழுதி வரும் ஒருவர், அவ்விதிகளுக்கேற்பத் தம் பக்கத்தைத் திருத்தி அமைக்காதவரை, அந்த இளைஞனைப் பொறுத்தமட்டில் இல்லாதவரே. என் மனத்தை மிகவும் வருத்துவது இதுதான்: படிக்கும் உரிமையைப் போலவே, பிறர் கண்ணில் படும் உரிமையும் ஏழைக்கு வேண்டியது, பட்டியல் அவனுக்கு முதலாவதில் ஒரு துணுக்கைக் கொடுத்து, இரண்டாவதை எடுத்துக்கொள்கிறது.

ஒன்றுமில்லாததற்கு ஏதோ கொஞ்சம் மேல் அல்லவா என்று கேட்டவர்கள் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு கேட்டவர்கள் அல்லர். நூலகம், பொது மருத்துவமனை, பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் போன்றதே இதுவும் என்று 2015 டிசம்பரில் ஃபேஸ்புக் தலைவர் மார்க் ஜுக்கர்பெர்க் பத்திரிகையில் எழுதினார். ஆனால் பொது மருத்துவமனையில் குறை இருந்தால் சட்டசபையில் கேள்வி கேட்கலாம். பட்டியலைத் தயாரிக்கும் தனியார் நிறுவனத்தை எந்தச் சபையில் நிறுத்திக் கேட்பது?

இந்த விஷயத்தில் நம் ஜனங்கள் காட்டிய விழிப்பு பெருமைப்படத் தக்கது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2015 மார்ச்சில் வெளியிட்ட ஆலோசனை அறிக்கைக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் சென்றன. ஃபேஸ்புக் முழுப்பக்க விளம்பரங்களோடு பெரும் பிரசாரம் செய்தும், 2016 பிப்ரவரி 8 அன்று டிராய், எதைப் பார்க்கிறோம் என்பதற்கேற்ப டேட்டா கட்டணத்தை மாற்றுவதைத் தடை செய்து, மீறினால் நாளொன்றுக்கு 50,000 ரூபாயும் மொத்தத்தில் 50 லட்சம் வரையும் அபராதம் என்று விதித்தது. சில நாட்களுக்குள் ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவை விட்டு வெளியேறியது. அதே உத்தரவின் விளக்கக் குறிப்பில், முழு இணையத்தையும் பார்க்கும்படியாக ஓரளவு டேட்டாவை இலவசமாகக் கொடுப்பதற்குத் தடையில்லை என்று சொல்லியிருப்பதைப் பலரும் கவனிக்கவில்லை. என் அபிப்பிராயத்தில் அதன் மிகச் சிறந்த வாக்கியம் அதுவே.

தடையுத்தரவு ஒன்றினால் மட்டும் விலை இறங்கிவிடாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ என்ற புதிய தொலைபேசி நிறுவனம் வந்து தொடுத்த விலைப்போரில்தான் ஒரு ஜிபியின் விலை காலக்கிரமத்தில் பத்து ரூபாயளவுக்கு இறங்கியது. அந்தப் போரில் பல நிறுவனங்கள் மறைந்தன. ஃப்ரீ பேசிக்ஸைக் கொண்டுவந்த ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸும் அவற்றுள் ஒன்று. எஞ்சி நின்ற மூன்று பெரிய தனியார் நிறுவனங்களும் 2024 ஜூலையில் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டணத்தை உயர்த்தின.

ஜிபி கணக்கில் மலிவு என்பது வேறு, ஏழையின் கைக்கு எட்டுவது என்பது வேறு. ரீசார்ஜ் கடையில் சற்று நேரம் நின்று பார்த்தால் இது விளங்கும். மகன் வெளியூரிலிருந்து பேசுவதைக் கேட்டால் போதும் என்றிருக்கும் ஒரு பாட்டி, நாளொன்றுக்கு ஒன்றரை ஜிபி வீதம் 28 நாளைக்கு வாங்க நேர்கிறது. ஐம்பது ரூபாய்க்குக் கொஞ்சம் போடு தம்பி என்றால், அந்தக் காலம் போய்விட்டது பாட்டி என்கிறான் கடைக்காரப் பையன். டேட்டா இல்லாமல் பேச மட்டும் தனித் திட்டம் வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் கட்டளையிட்டது. நல்லதுதான், ஆனால் அதனால் இணையம் கிட்டுவதில்லை. மாத வருமானத்தில் 2 சதவீதத்துக்குள் அடிப்படை இணையம் கிடைக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகளின் அகலக்கற்றை ஆணையம் வைத்த இலக்கும் தேசத்தின் சராசரி வருமானத்தைக் கொண்டு கணிக்கப்படுவது. சராசரிக்கு வெகு கீழே இருக்கும் குடும்பத்துக்கு அதே தொகை பெரும் பாரம்.

ஆகவே பொதுப் பணத்தில் நடக்கும் முயற்சிகளே எனக்கு நம்பிக்கை தருகின்றன. இணையம் கிடைக்கும் உரிமை கல்வி உரிமையின் பகுதி என்று 2019-ல் கேரள உயர் நீதிமன்றம் ஒரு கல்லூரி விடுதி மாணவியின் வழக்கில் தீர்ப்பளித்தது. அந்த மாநில சர்க்காரே 2023 ஜூனில் தொடங்கிய கே-ஃபோன் திட்டம், மின்வாரியக் கம்பங்களின் வழியே கண்ணாடியிழைக் கம்பிவடம் இழுத்து, 20 லட்சம் வறிய குடும்பங்களுக்கு இலவச இணைப்பு தருவதை உத்தேசமாகக் கொண்டது. வேலை இலக்குக்கு மிகவும் பின்தங்கியே நடக்கிறது. அதைத் துரிதப்படுத்தும்படி கேட்க அங்கே ஒரு சட்டசபை இருக்கிறது.