சாத்தம் ஜெட்டியும் வி.பி.என். சுரங்கமும்

அந்தமானின் சாத்தம் ஜெட்டியில் வண்டியோடு படகேறி பாம்பூஃப்ளாட்டில் இறங்குபவர்களுக்கு வி.பி.என். பாதி தெரிந்த விஷயம்தான். ஏறிய கார் விம்பர்லிகஞ்ச் போகிறதா, ஃபெரார்கஞ்ச் போகிறதா என்று படகு கேட்பதில்லை. அதற்கு இரண்டு ஜெட்டிகள் தெரிந்தால் போதும்.

வி.பி.என். அமைக்க ரூட்டர்களுக்கு இடையே போடும் ஐ.பி. சுரங்கமும் அப்படித்தான். பாம்பூஃப்ளாட்டில் கிளை, சென்னையில் தலைமை அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். கிளைக் கணினிகளின் 192.168 எனத் தொடங்கும் உள்முகவரிகள் பொது இணையத்தில் செல்லாது. அதனால் கிளை ரூட்டர் ஒவ்வொரு பாக்கெட்டையும் இன்னொரு பாக்கெட்டுக்குள் வைத்து, மேலே இரு ரூட்டர்களின் பொது முகவரிகளை எழுதி அனுப்புகிறது. சென்னை ரூட்டர் மேலுறையைப் பிரித்து உள்ளிருப்பதை உரியவரிடம் சேர்க்கிறது.

அமைக்கும்போது சறுக்கும் இடங்கள் சில உண்டு. சென்னை ரூட்டரின் பொது முகவரிக்குப் போகும் வழியையே சுரங்கத்துக்குள் திருப்பிவிட்டால், சுரங்கம் எழுந்து எழுந்து விழும். படகைக் காருக்குள் ஏற்ற முடியாதல்லவா! அடுத்தது அளவு. வழக்கமான பாக்கெட் 1500 பைட், ஜி.ஆர்.இ. என்ற சுரங்க முறையின் மேலுறை 24 பைட் எடுத்துக்கொள்ள, மிஞ்சுவது 1476. பாக்கெட்டைப் பூட்டும் ஐ.பி.செக் சேர்ந்தால் இன்னும் குறையும் என்பதால் பலரும் 1400 என்று வைத்துவிடுகிறார்கள். இதைக் கவனிக்காத இடத்தில் பிங் ஒழுங்காகப் போகும், பெரிய கோப்பு மட்டும் நடுவழியில் நிற்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பூட்டு. ஜி.ஆர்.இ. சுமக்கும், மறைக்காது, திறந்த தளத்தில் நிற்கும் காரை யாரும் எட்டிப்பார்க்கலாம். மறைப்பது ஐ.பி.செக்.

ஆனால் பூட்டத் தயங்க ஒரு காரணம் இருந்தது. முன்பு அந்தமான் தீவுகள் செயற்கைக்கோளை நம்பியிருந்தன. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரம் ஏறி இறங்கி, கேள்விக்குப் பதில் வர அரை விநாடி ஆகும். அந்தத் தாமதத்தை ஈடுகட்ட, நடுவிலுள்ள கருவிகள் பாக்கெட்டின் தலைப்பைப் படித்து முன்கூட்டியே ஒப்புகை அனுப்பும். ஐ.பி.செக் பூட்டிய பாக்கெட்டில் அந்தத் தலைப்பு தெரியாது. வேகமா, பூட்டா என்ற சங்கடம் அப்போது நிஜமாகவே இருந்தது.

2020 ஆகஸ்ட் 10-இல் சென்னை–அந்தமான் கடலடிக் கண்ணாடியிழைக் கேபிள் தொடங்கிவைக்கப்பட்டது. நீளம் சுமார் 2,300 கிலோமீட்டர். சென்னைக்கும் அன்றைய போர்ட் பிளேருக்கும் இடையே ஒளி போய்த் திரும்ப நூறில் மூன்று பங்கு விநாடிகூட ஆகாது. பூட்டாமல் விட இனி வேகம் ஒரு காரணமே இல்லை. உங்கள் அலுவலகத்துக்குச் சுரங்கம் போட்டுத் தருபவரிடம், ஐ.பி.செக் போட்டாயிற்றா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.