நெஞ்சில் இறங்கும் யோசனை

தெஹியோவிட்டப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் என் பெரியம்மா முப்பது வருடம் பால் வெட்டினார். விடியுமுன் மரத்தடியில் நிற்க வேண்டும்; வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் பேர் இல்லை, அன்றைய கூலியும் இல்லை. பெரியப்பா இறந்த பிறகு அவர் அடிக்கடி சொன்னது ஒன்றுதான்: "நெஞ்சுல கல்ல வச்ச மாதிரி இருக்குப்பா." டிஸ்பென்சரியில் வாயுக் குளிசை கொடுத்தார்கள். ஒன்பதாம் மாதம் மாரடைப்பில் போய்விட்டார். "யோசனைதான் கொண்டு போச்சு" என்றார்கள் லயத்து வரிசை வீட்டுக்காரர்கள்.

எங்கள் பக்கம் யோசனை என்றால் சிந்தனை அல்ல. ராத்திரித் தூக்கத்தைத் தின்று, சோற்றில் ருசியைக் கெடுத்து, கொழுந்து மலையிலும் கூடவே வரும் கவலைக்குத்தான் அந்தப் பெயர். மருத்துவர்கள் மனச்சோர்வு என்பதும் பெரும்பாலும் இதையே. இது இதயத்தை உண்மையிலேயே தாக்குமா?

ஹார்ட் அட்டாக் தோட்டத் துரைமாருக்கு வரும் வருத்தம் என்றுதான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான் நம்பியது. சான்பிரான்சிஸ்கோவின் இதய மருத்துவர்கள் மேயர் ஃப்ரீட்மன், ரே ரோசன்மன் இருவரும் 1959இல் 'டைப் ஏ' என்ற குணத்தை விவரித்தார்கள். எப்போதும் அவசரம், போட்டி, பொறுமையின்மை. கலிபோர்னியாவில் 3,154 ஆண்களை எட்டரை வருடம் தொடர்ந்து பார்த்ததில், இந்தக் குணக்காரருக்கு இதயநோய் ஏறத்தாழ இரண்டு மடங்கு வந்தது. ஆனால் அதே ஆய்வில் இதயநோய் கண்டவர்களை 1988இல் மீளப் பார்த்தபோது, டைப் ஏ ஆட்கள் மற்றவர்களைவிடக் குறைவாகவே இறந்திருந்தார்கள். டைப் ஏ ஆராய்ச்சிக்கு சிகரெட் கம்பெனிகள் பணம் கொடுத்திருந்ததும் பின்னால் வெளிவந்தது. குணத்தின் மேல் பழி விழுந்தால் புகைக்கு லாபம்தானே. அவசரம் போய், இன்று ஓரளவு மிஞ்சி நிற்பது உள்ளே புகையும் பகையும் கோபமும்தான்.

துரைமார் கதையை உடைத்தது லண்டன். 1967இல் தொடங்கிய வைட்ஹோல் ஆய்வு அரசாங்க ஊழியர்களைப் பார்த்தது. இதயநோயால் அதிகம் இறந்தவர்கள் மேலதிகாரிகள் அல்லர். கடைசிப் படியில் இருந்த வாயிற்காவலர்களும் கடிதம் சுமக்கும் பியூன்களும்தான், மூன்று மடங்குக்கும் மேலாக. பிந்திய ஆய்வு முக்கிய காரணங்களில் ஒன்றையும் காட்டியது: தன் வேலையின் மேல் தனக்கே பிடி இல்லாமை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்றவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. எத்தனை கிலோ, எந்த மலை, இன்றைக்குப் பேர் உண்டா இல்லையா, எல்லாம் வேறொருவர் வாயில்.

2004இல் வெளியான இன்டர்ஹார்ட் ஆய்வு 52 நாடுகளைத் தொட்டது; இலங்கையும் அதில் உண்டு. முந்திய வருடத்தில் தொடர்ந்து இரண்டு வாரமாவது மனம் துவண்டிருந்ததாகச் சொன்னவர்கள், மாரடைப்புக் கண்டோரில் நூற்றுக்கு 24. மற்றவர்களில் ஏறத்தாழ 18. தெற்காசியருக்கு முதல் மாரடைப்பு 53 வயதளவில் வந்தது, மற்றவருக்கு 59 அளவில். அதற்கும் முன்பு, 1993இல், மொன்றியல் இதய நிலையத்தில் நான்சி ஃபிராஷூர்-ஸ்மித் குழுவினர் மாரடைப்பிலிருந்து தப்பிய 222 பேரைத் தொடர்ந்தார்கள். ஆறு மாதத்தில், மனச்சோர்வு இருந்தவர்களில் நூற்றுக்கு 17 பேர் இறந்தனர்; இல்லாதவர்களில் 3 பேர்.

உடம்புக்குள் நடப்பது இதுதான். நல்ல இதயம் மணிக்கூடு போல ஒரே சீராக அடிப்பதில்லை. மூச்சை இழுக்கையில் சற்று வேகம், விடுகையில் சற்று மெதுவு. மனச்சோர்வில் இந்த நெகிழ்வு குறைகிறது. கோர்டிசோல் சுரப்பு தாளம் தப்புகிறது, இரத்தத் தட்டுக்கள் எளிதில் ஒட்டி உறைகின்றன, குழாய்ச் சுவரில் அழற்சி ஏறுகிறது. இவற்றோடு அன்றாடமும் சேர்கிறது: பிரஷர் குளிசை மறந்துபோகும், வெற்றிலையும் சாராயமும் கூடும், கிளினிக் போனால் அன்றைய பேர் போய்விடும் என்று நாள் தள்ளும்.

பெல்ஜியத்தின் யோஹான் டெனோலட் 1996இல் இன்னொரு குணத்தைச் சொன்னார்: கவலையை எந்நேரமும் சுமந்து, அதைப் பிறரிடம் காட்டாமல் விழுங்குபவர்கள். 'டைப் டி' என்று பெயர். பிந்திய பெரிய ஆய்வுகளில் அந்தத் தொடர்பு மெலிந்துபோனது. எங்கள் பெண்களைப் பார்த்து இதைக் குணம் என்று சொல்ல எனக்கு மனம் ஒப்புவதில்லை. 1977, 1981, 1983 வன்செயல்களில் இரத்தினபுரித் தோட்டங்களை விட்டு ஓடிய குடும்பங்கள் உண்டு. 2016 மே மாதம் புளத்கொஹுபிட்டியவில் லயத்தின் மேலேயே மலை சரிந்தது. சிங்களக் கிராமங்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் தோட்டங்கள். நுவரெலியாவில் கிடைப்பது போல, தமிழில் நோயைச் சொன்னால் கேட்க இங்கே ஆள் கிடைப்பதில்லை. வாயை மூடிக்கொள்வது இங்கே பிறவிக் குணமா?

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நெஞ்சு நோவை யோசனை என்று ஒதுக்கிவிடக்கூடாது. பெண்களுக்கு மாரடைப்பு மூச்சுத் திணறலாக, தாடை நோவாக, முதுகு வலியாக, காரணமில்லாத களைப்பாகவும் வரும். முதலில் 1990 அம்புலன்ஸை அழைத்து ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், மனத்தைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

மனச்சோர்வுக்கும் மருத்துவம் உண்டு. சேட்ரலின் குளிசை இதயநோயாளருக்கும் பாதுகாப்பானது என 2002இல் தெரிந்தது. 2,481 இதயநோயாளரோடு நடந்து 2003இல் வெளியான ஆய்வில் உளவளப் பேச்சு சோர்வைக் குறைத்தது, மரணத்தைக் குறைக்கவில்லை. எனக்கு அது ஏமாற்றமல்ல. சோறு ருசிப்பதும் தூக்கம் வருவதும் தம்மளவிலேயே வேண்டியவை. அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி இலக்கம் 1926.

சோர்வு இருக்கலாமா என்று பார்க்க இரண்டே கேள்விகள் போதும், பிரஷர் பார்க்கும் இரண்டு நிமிடத்திலேயே கேட்டுவிடலாம். "இந்த ரெண்டு வாரமா மனசு சோர்ந்து கெடக்கா, அக்கா? எதுலயும் புடிப்பில்லாம இருக்கா?" ஒன்பது மாதத்தில் பெரியம்மா ஐந்து தடவை டிஸ்பென்சரி வாங்கில் உட்கார்ந்திருந்தார்.